வளைவுக்கு ஒரு கேஸ்

எமர்ஜென்சி மெடிசின் தேர்வுக்கு ட்ராமா, அதாவது விபத்தில் அடிபட்டவர்களைப் பார்க்கும் பகுதியை மூன்று முறை முழுசாகப் படித்திருந்தேன். மாதிரி வைவாவில் (வாய்மொழித் தேர்வு) சீனியர் கேட்டது ஒரே கேள்வி: "பைக்ல விழுந்தவர், தொடை எலும்பு வெளிய தெரியுது. என்ன பண்ணுவ?" தொடையிலேயே ஆரம்பித்தேன். "அவர் மூச்சடைச்சு ரெண்டு நிமிஷமாச்சு, நீ இன்னும் கட்டுப் போட்டுட்டு இருக்க" என்றார்.

ஏ மூச்சுப்பாதை, பி மூச்சு, சி ரத்த ஓட்டம், டி நினைவு, இ துணியைக் கழற்றி முழு உடம்பையும் பார்ப்பது: இந்த வரிசை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பதற்றத்தில் அது வாயில் வரணுமே! என் ரூம்மேட்டுக்கும் ஊர் ஏற்காடுதான். சேலத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது, அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. ஒரு பலகையில் அவன் கேஸ் சொல்வான். அடுத்த பலகைக்குள் நான் இ வரை முடிக்கணும். முன் சீட்டு அம்மா ஒருநாள் திரும்பி, "யாருக்குப்பா அடிபட்டுச்சு?" என்று பதறிவிட்டார்.

கண்டதைச் சரிசெய்யாமல் அடுத்த எழுத்துக்குப் போகக் கூடாது என்பதுதான் விதி. பீய்ச்சியடிக்கும் ரத்தம் இருந்தால் மட்டும் அதை முதலில் அழுத்திவிட்டு ஏ-க்கு வரலாம். பி-யில் ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, தட்டினால் மேளம் மாதிரி கேட்கிறது, பிபி இறங்குகிறது என்றால் டென்ஷன் நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபட்டு அழுத்துவது. அங்கே எக்ஸ்ரே கேட்டால் அந்த வளைவில் நான் அவுட். காற்றை உடனே வெளியேற்றணும். பெரியவர்களுக்கு ஊசி குத்தும் இடம் பழைய ஜெராக்ஸ் நோட்ஸில் இரண்டாவது விலா இடைவெளி என்றிருக்கும். ஏடிஎல்எஸ் என்ற ட்ராமா பயிற்சிக் கையேட்டின் பத்தாம் பதிப்பில் அது நான்காவது அல்லது ஐந்தாவது, நடு அக்குள் கோட்டுக்குச் சற்று முன்னால். நோட்ஸைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

எண்களுக்குக் குறுக்கு வழி கிடையாது, மனப்பாடம்தான். ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள். 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். நெஞ்சிலிருந்து ரத்தத்தை வடிக்கும் செஸ்ட் டியூபில் உடனே 1500 மில்லி ரத்தம் வந்தால் சர்ஜனைக் கூப்பிடு. நினைவு நிலையை அளக்கும் ஜிசிஎஸ் மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மூச்சுக்குழாயில் டியூப். குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன்.

இ என்றால் துணியைக் கழற்றிப் பார்ப்பது என்று ஒரே வரியில் தாண்டிக்கொண்டிருந்தேன். ஒரு டிசம்பர் ராத்திரி மலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பனியில் நனைந்த சட்டை, தொட்டால் ஐஸ். ஊசி குத்திய இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. உறையாவிட்டால் மேலும் போகும். போகப் போக ரத்தத்தில் அமிலம் ஏறும், அதுவும் உறைவதைக் கெடுக்கும். ஈரத்துணியை வெட்டி எறிந்து, கம்பளி போர்த்தி, வெதுவெதுப்பான சலைன் ஏற்றினோம்.

நிஜத் தேர்வில், "கழற்றிப் பார்த்ததும் போர்த்திவிடுவேன்" என்றேன். "ஏன் போர்த்தணும்?" என்றார் எக்ஸாமினர். நான் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.