விற்ற பணம் வங்கியில், குடித்தனம் வாடகை வீட்டில்

சொந்த வீட்டை விற்ற பணம் வங்கியில் இருக்கும்போது வாடகைக்கு வீடு தேடுவது உறவினர்களுக்கு அறவே பிடிக்காத காரியம். 2023 ஏப்ரலில் பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது பெரியப்பா தொலைபேசியில் விடாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "மாதாமாதம் யாரோ ஒருவருக்கு வாடகை கொடுப்பதற்கு, அதை வங்கித் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சுமே, அம்மா." நியாயமான பேச்சுத்தான். ஆனால் எந்த இடத்தில் வீடு என்பதை அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

என் கணவருக்குத் தரமணியில் வேலை. மகள் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். அத்தையும் எங்களுடன் வருகிறார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்து போனதை வைத்துச் சென்னை தெரிந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நான் போட்ட கணக்கு இதுதான். எங்கள் கைக்கு எட்டிய விலை 68 லட்சம் ரூபாய் வரை. பழைய அடுக்குமாடி வீட்டை ஒருவரிடமிருந்து வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 68 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 6 லட்சத்து 12 ஆயிரம். தரகர் கமிஷன், வழக்கறிஞர் கட்டணம் தனி. இடம் பிடிக்கவில்லை என்று இரண்டு ஆண்டில் விற்றால் இதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. மாதம் 18,000 வாடகை என்றால் அந்த 6 லட்சத்து 12 ஆயிரம் 34 மாத வாடகை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ படித்தவள், எப்படியும் பேசுவாய்" என்று முடித்துவிட்டார்.

இன்னொரு சிக்கல் வருமான வரி. வீட்டை விற்ற லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால், விற்ற நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்க வேண்டும். அதற்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாள் வந்துவிட்டால், லாபத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண வைப்புத்தொகையில் கிடந்தால் செல்லாது. எங்களுக்கு அந்தக் கடைசி நாள் 2024 ஜூலை 31. வாடகைக்கு இருந்து பார்த்து வாங்கலாம் என்று நினைப்பவர்கள் வீடு தேடுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. வங்கிக் கிளைகளில் எல்லோருக்கும் இந்தக் கணக்கைப் பற்றித் தெரிந்திருப்பதில்லை; நாங்கள் போன கிளையில் எங்களை மேசை மேசையாக அனுப்பினார்கள்.

வாடகை வீடு மடிப்பாக்கத்தில் அமைந்தது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. வீட்டுக்காரர் கேட்டது பத்து மாதம். பேசிப் பேசி ஐந்துக்கு வந்தார். காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வேன் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். தண்ணீர் எப்படி என்று கேட்டதற்கு "தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை" என்றார்.

பஞ்சம் இல்லைதான். குழாயைத் திறந்தால் வந்தது. வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் காலை அடியில் செம்மண் நிறத்தில் ஒரு படிவம். தாமிரபரணி குடித்து வளர்ந்த அத்தை முதல் நாள் அந்தத் தண்ணீரில் பருப்பு வேக வைத்துவிட்டு, அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று நெடுநேரம் நின்றார். அன்று முதல் சமையலுக்கும் கேன் தண்ணீர். கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் (போர்) நீர்மட்டம் இறங்கியதும், தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கு லாரித் தண்ணீர். லாரிக்கான காசு பராமரிப்புத் தொகையோடு சேர்ந்து வரும். ஏப்ரல், மே மாதங்களில் அது எவ்வளவு ஏறும் என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த காலத்தை மாடி வீட்டு அம்மா போர்க்கதை போலச் சொல்வார். அவருடைய பேச்சிலிருந்துதான், எந்தத் தெருவில் போர் எத்தனை அடி, எங்கே குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் குழாய் இருந்தும் தண்ணீர் வருவதில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது.

இதற்கிடையே வார இறுதிகளில் விற்பனைக்கு இருந்த வீடுகளைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் காட்டும் வீடு பெண் பார்க்கும் கூடம் போன்றது. எல்லாம் துடைத்து வைத்திருக்கும். அதனால் பிடித்த வீடு என்றால், தரகரிடம் சொல்லாமல் வேலைநாள் மாலையில் இன்னொரு தடவை அந்தத் தெருவுக்குப் போவோம். நங்கநல்லூரில் ஒரு வீட்டை அப்படித்தான் விட்டோம்: தலைக்கு மேல் விமானம் தாழ்வாகப் போகும்போது பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. பெருங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பகலில் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் காற்று மாறியதும் குப்பைக் கிடங்கின் வாடை வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் நீட்டிப்பு "அடுத்த மாதம் திறந்துவிடும்" என்று எல்லாத் தரகர்களும் சொன்னார்கள். நாங்கள் மடிப்பாக்கத்தில் இருந்தவரை அது திறக்கவில்லை. ஆனால் அதற்கான விலையை அப்போதே சேர்த்துத்தான் கேட்டார்கள்.

2023 அக்டோபரில் பள்ளிக்கரணையில் ஒரு புதுக் குடியிருப்பு என் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அலுவலகத்துக்கு அருகில், மூன்றாம் மாடி, நல்ல வெளிச்சம். விற்பனைப் பிரதிநிதி தீபாவளிக்குள் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் கார் நிறுத்துமிடம் இலவசம் என்றார். அத்தைதான் மறித்தார்: "மழை முடியட்டும்." ஊரில் ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு வரும் சந்தேகம் அது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே முழங்கால் அளவு தண்ணீர். நாங்கள் முதல் மாடி என்பதால் தப்பித்தோம். மின்சாரம் போய்விட்டது, கைப்பேசிக்கும் சிக்னல் இல்லை. வடிந்த பிறகு என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நாங்கள் பார்த்து வைத்திருந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றினார். பள்ளிக்கரணைக் குடியிருப்புக்குப் போகும் சாலையில் தண்ணீர் அப்போதும் நின்றது. வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் வீட்டிலிருந்து வெளியே வரவும் வழியில்லை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிற பாதை அது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் என்று அந்த விளம்பரத் தாளில் பெருமையாக அச்சிட்டிருந்தார்கள், பறவைப் படத்தோடு.

வீடு வாங்குகிற எவருக்கும் நான் சொல்வது, மழை நின்ற இரண்டாம் நாள் போய்ப் பாருங்கள் என்பதுதான். காம்பவுண்டுச் சுவரில் ஈரக் கோடு இருக்கும். அப்போது காவலாளியிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் பேசினால் 2015 வெள்ளத்தின் கதையும் சேர்ந்து வரும். தெருக்காரர்கள் சொல்வதைப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் சொல்லாது. இதற்கு அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து ரயில் ஏறி வந்து பார்க்க முடியாது, அந்த நாளில் ரயிலே ஓடாது.

தேடல் அதன் பிறகு, தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் திரும்பியது. மழை மட்டும் காரணமல்ல. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. ஊருக்கு அடிக்கடி போகிற எங்களுக்குத் தாம்பரம் ரயில் நிலையமும் கிளாம்பாக்கமும் பக்கத்தில் இருப்பது, அலுவலகம் பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றியது. என் கணவர் ஒரு மாதம் விடாமல் குரோம்பேட்டை நிலையம் வரை போய், அங்கிருந்து காலை நேரத்தில் தரமணிக்குப் போய்ப் பார்த்தார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய எரிச்சல் என்றார்.

சேலையூரில் பார்த்த ஒரு வீட்டை வங்கியின் வழக்கறிஞர் தடுத்தார். அனுமதி பெற்ற வரைபடத்தில் எட்டு வீடு, கட்டியிருப்பது ஒன்பது. ஒன்பதாவது வீட்டுக்காரருக்கு நிலத்தில் பிரிபடாத பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. குரோம்பேட்டையில் வாங்கிய வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாங்களே இலவசமாகப் பார்த்துக்கொண்டோம்; முந்தைய உரிமையாளர்களின் தாய்ப் பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்தார். பதிவு 2025 பிப்ரவரியில் முடிந்தது. இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் வந்துவிட்டோம். மூலதன ஆதாயக் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தை 60 நாளுக்குள் செலவிட வேண்டும் என்பதால் பதிவு நாள் உறுதியாகும்வரை அதைத் தொடவில்லை.

இந்த வழியில் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாங்கள் வந்தபோது இருந்த விலைக்கும் வாங்கியபோது இருந்த விலைக்கும் சில லட்சம் வித்தியாசம். மகளின் ஏழாம் வகுப்பு முடியும்வரை மடிப்பாக்கத்தைக் காலி செய்ய முடியாததால் சில மாதம் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டினோம். எட்டாம் வகுப்புக்கு அவள் பள்ளி மாற வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டில் இரண்டு தடவை தோழிகளை விட்டு வந்த பிள்ளைக்கு 9 சதவீதக் கணக்கை எடுத்துச் சொல்ல முடியாது. குழந்தைகள் மேல்வகுப்பில் இருப்பவர்கள் வாடகை வீட்டையும் சொந்த வீட்டையும் ஒரே பள்ளி வாகனம் எட்டும் தூரத்துக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கலாம்.

மே மாதம் காலி செய்யும் முன் வீட்டுக்காரர் அடுத்த குடித்தனத்துக்காக ஒருவரை அழைத்து வந்தார். அவர்களும் தென்மாவட்டத்துக்காரர்கள். அந்தப் பெண் சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்துத் தண்ணீர் எப்படி என்று கேட்டார். வாளியைக் காட்டினேன். அவர்கள் வேறு வீடு பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டதோடு, குளியலறைக் குழாய் தேய்ந்துவிட்டது என்று இன்னும் 500 ரூபாய் கழித்துத்தான் முன்பணத்தைக் கொடுத்தார்.