பாதையா, யூஆர்எல்லா? மழைத் தரவு நிரல் நாட்குறிப்பு

அக்டோபர் 6
நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவைப் படிக்கும் பைத்தான் நிரல். தரவு உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) டிஸ்கில் கிடக்கலாம், இணையத்திலும் இருக்கலாம். கொடுத்த சரம் (எழுத்துத் தொடர்) டிஸ்கில் உள்ள கோப்பின் பாதையா, யூஆர்எல்லா (இணைய முகவரியா) என்று நிரலே கண்டுபிடிக்க வேண்டும். இப்போதுள்ள சோதனை: சரம் 'எச்டிடிபி' என்று தொடங்கினால் யூஆர்எல். 'எச்டிடிபி_லாக்' என்று ஒரு ஃபோல்டர் வந்தால் போதும், கவிழ்ந்துவிடும். கேப்ஸ்லாக்கில் அடித்த முகவரியோ கோப்பாகிவிடும்.

அக்டோபர் 7
'கோப்பு இருந்தால் பாதை, இல்லாவிட்டால் யூஆர்எல்' என்று எழுதுவதும் வேண்டாம். பெயரில் ஒரு எழுத்து பிசகினால் 'கோப்பு இல்லை' என்பதற்குப் பதில் நெட்வொர்க் பிழை வரும். பயன்படுத்துபவர் ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருப்பார். இனிமேல்தான் எழுதப்போகும் அவுட்புட் கோப்புக்கு இந்தச் சோதனை பொருந்தவே பொருந்தாது.

அக்டோபர் 8
முகவரியைத் துண்டுகளாகப் பிரிக்கும் பைத்தானின் பார்ஸர் யூஆர்எல்பார்ஸ். அது தரும் ஸ்கீமை (முகவரியில் கோலனுக்கு முன்னால் வரும் 'எச்டிடிபி' போன்ற பகுதியை) பார்ப்பதே சரி. பெரிய எழுத்தைச் சின்னதாக்கியே தரும். ஆனால் 'சி:\மழை\அக்.சிஎஸ்வி' கொடுத்தால் ஸ்கீம் 'சி' என்கிறது! பார்ஸரைத் திட்டிப் பயனில்லை. 2005-இல் வந்த, யூஆர்எல் எழுதும் முறையை வகுக்கும் ஆர்எஃப்சி 3986 ஆவணத்தின் இலக்கணப்படி ஒற்றை ஆங்கில எழுத்தும் ஸ்கீம்தான். 'லோக்கல்ஹோஸ்ட்:8000' கொடுத்தால் 'லோக்கல்ஹோஸ்ட்' ஸ்கீமாகிறது. ஆகவே ஸ்கீம் இருக்கிறதா என்பதல்ல, எந்த ஸ்கீம் என்பதுதான் கேள்வி. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்றால் நெட்வொர்க். 'ஃபைல்' என்றால் டிஸ்க். ஸ்கீம் காலி, அல்லது ஒற்றை எழுத்து என்றால் பாதை. வேறெது வந்தாலும் ஊகிக்காமல் பிழை காட்டி நிறுத்த வேண்டும். லினக்ஸில் பெயரிலேயே கோலன் உள்ள கோப்பு மாட்டிக்கொள்ளும்; முன்னால் புள்ளியும் ஸ்லாஷும் போட்டால் தீரும். பிழைச் செய்தியிலேயே அதைச் சொல்லிவிடலாம்.

அக்டோபர் 10
பாதை என்று முடிவானதும் பார்ஸர் வெட்டிய துண்டைத் தொடக் கூடாது, வந்த சரத்தையே திறக்க வேண்டும். 'மழை#2.சிஎஸ்வி' என்ற கோப்பில் #-க்குப் பின்னால் உள்ளதை ஃபிராக்மென்ட் (பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் பகுதி) என்று கழற்றிவிடுகிறது. 'மழை' என்ற கோப்பைத் தேடி நிற்போம்.

'ஃபைல்' யூஆர்எல்லில் நேரெதிர்: பர்சென்ட் குறியீட்டை (இடைவெளியை '%20' என்பதுபோல ஒவ்வொரு பைட்டையும் % சேர்த்து மூன்று எழுத்தாக எழுதுவதை) பிரித்தே ஆக வேண்டும். 'மழை' யூடிஎஃப்-8-இல் 9 பைட், யூஆர்எல்லில் 27 எழுத்து. 'ஃபைல்://' முன்னொட்டைக் கையால் நறுக்கினால் விண்டோஸில் டிரைவ் எழுத்துக்கு முன் ஒரு ஸ்லாஷ் ஒட்டிக்கொண்டு நிற்கும். பைத்தானில் உள்ள யூஆர்எல்2பாத்நேம் என்ற செயல்கூறு இரண்டையும் பார்த்துக்கொள்ளும். வெறும் பாதையில் மட்டும் பிரிக்கவே கூடாது: பெயரில் நிஜமாகவே '%20' உள்ள கோப்புகள் உண்டு.

அக்டோபர் 11
சரத்தைப் பாத்லிப் (பாதைகளைக் கையாளும் பைத்தான் நூலகம்) பொருளாக மாற்றுவது, பாதையா யூஆர்எல்லா என்ற முடிவுக்குப் பிறகுதான். முன்பே மாற்றினால் 'எச்டிடிபிஎஸ்://' இரட்டை ஸ்லாஷ் ஒன்றாகச் சுருங்கிவிடும், அப்புறம் அது சரியான முகவரியாக இருக்காது. '//' என்று தொடங்கும் சரம் பிரவுசருக்கு முகவரி, விண்டோஸுக்கு ஷேர் ஃபோல்டர். இந்த நிரலில் பாதை என்றே வைத்தாயிற்று.