யார்க் நகரில் ஒரு கண்ணாடி நற்செய்தி

இங்கிலாந்தில் இருக்கும் யார்க் நகருக்குப் போகிறவர்கள் முதலில் மின்ஸ்டர் பேராலயத்துக்குத்தான் போவார்கள். நாங்களும் போய் ஜெபித்தோம். அப்புறம் ஊஸ் ஆற்றைக் கடந்து, நார்த் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அனைத்துப் புனிதர் ஆலயத்துக்கு நடந்தோம். என் மனம் நிறைந்தது அங்கேதான்.

ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயம்தான், ஆனால் தூபம் போட்டுப் பழைய முறையில் வழிபடுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் எம்மா ராட்டன் என்ற பெண் இந்த ஆலயத்தை ஒட்டிய அறையில் தன்னை அடைத்துக்கொண்டு, ஜெபமே வாழ்க்கையாக இருந்திருக்கிறார். மாதா அவருக்குக் காட்சி தந்ததாகச் சொல்கிறார்கள்.

வடபக்கத்து ஜன்னலில், 600 வருடத்துக்கு முந்தைய வண்ணக் கண்ணாடியில், மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வரும் இரக்கச் செயல்கள் அப்படியே இருக்கின்றன. ஆறு கட்டங்கள். எல்லாவற்றிலும் தாடி வைத்த அதே பெரியவர். பசித்தவர்களுக்கு ரொட்டி கொடுக்கிறார், தாகமாயிருப்பவர்களுக்குக் குடிக்கத் தருகிறார், வழிப்போக்கர்களை வீட்டுக்குள் அழைக்கிறார், ஆடையில்லாதவர்களுக்கு உடுத்தக் கொடுக்கிறார், படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்க்கப் போகிறார். சிறைக் கட்டத்தில் கைதிகளின் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்கின்றன. பெரியவர் அவர்கள் எதிரே வந்து நிற்கிறார். 1412இல் யார்க் மேயராக இருந்த வணிகர் நிக்கோலஸ் பிளாக்பர்ன்தான் அவர் என்று கருதுகிறார்கள். திருச்சபை மொத்தம் ஏழு இரக்கச் செயல்களைச் சொல்கிறது; இறந்தவரை அடக்கம் செய்வது ஏழாவது. அது இங்கே இல்லை, மத்தேயுவிலும் இல்லை.

“நான் பசியாய் இருந்தேன், நீங்கள் உணவு கொடுத்தீர்கள்” என்ற வசனத்தை எத்தனையோ திருப்பலிகளில் கேட்டிருக்கிறேன். இங்கே கைதிகளின் கால்களைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. சிறையில் ஒருவரைப் போய்ப் பார்க்க எனக்கும் துணிவு கொடு ஆண்டவரே என்று வாய்விட்டே கேட்டேன்.

பக்கத்து ஜன்னலில் உலகத்தின் கடைசி 15 நாட்கள். கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். கடல் பொங்குகிறது, கட்டடங்கள் இடிகின்றன, மனிதர்கள் குழிகளில் ஒளிகிறார்கள், நட்சத்திரங்கள் விழுகின்றன, முடிவில் எல்லாம் நெருப்பு. பாமர மக்களுக்கும் புரியட்டும் என்று லத்தீனை விட்டு அன்றைய ஆங்கிலத்திலேயே வரிகளை எழுதியிருக்கிறார்கள். இன்னொரு ஜன்னலில், வானதூதர்களுக்குக் கீழே நிற்கும் கூட்டத்தில் ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், விடமாட்டார்கள்.

போகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் போங்கள். முதலில் மத்தேயு 25, 31 முதல் 46 வரை வாசித்துவிட்டு, அப்புறம் அந்த ஜன்னல் முன்னால் நில்லுங்கள்.