காற்றாடிமலையில் என் பெயர்

அம்மாவின் நேர்ச்சை இது. போன வருஷம் எனக்கு நெஞ்சு அடைத்து இரண்டு ஸ்டென்ட் வைத்தபோது, "ஜனவரி 14 அன்றைக்கு என் பிள்ளையை உம்முடைய பாறையில் முழங்காலில் நிறுத்துவேன்" என்று மறைசாட்சி தேவசகாயத்திடம் சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேதியோ பொங்கல் சமயம். சென்னையிலிருந்து ரயிலில் இடமில்லை. ஆம்னி பஸ்ஸில் இரண்டு மடங்கு கொடுத்து, கால் வீங்கி நாகர்கோவிலில் இறங்கினால், ஆரல்வாய்மொழிக்கு ஆட்டோக்காரர் சொன்ன தொகையில் பாதித் தூரம் திரும்பவே போயிருக்கலாம். "நேர்ச்சைக்கு வந்துட்டு பேரம் பேசாதே மக்களே" என்றாள் அம்மா. சரி என்று ஏறினேன்.

காற்றாடிமலையில் நல்ல கூட்டம். மெழுகுவர்த்தி விற்கிற பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாங்கி ஏற்றினால் காற்று ஊதி அணைக்கிறது. பெயர் சும்மா வைக்கவில்லை.

1752இல் இதே தேதியில்தான் தேவசகாயத்தை இங்கே சுட்டுக் கொன்றார்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்டன், அங்கே படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டி லனாயிடம் வேதம் கேட்டு, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார். லாசர் என்பதன் தமிழ்தான் தேவசகாயம். அந்தப் பெயரையும் வேதத்தையும் விட்டுவிடச் சொல்லித்தான் எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் அடித்துக்கொண்டு போனார்கள். சிறையும் அடியுமாக மூன்று வருஷம். விடவில்லை.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்பா எனக்கு வைத்த பெயரும் அதுதான். சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது 'தேவா' என்று வெட்டிக்கொண்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்கட்டும், யாரும் என்ன ஆள் என்று கேட்காதிருக்கட்டும் என்ற பயம், அவ்வளவுதான். அவர் பெயரிலும் ஒன்றை வெட்டினார்கள். புனிதர் பட்டத்துக்கு முன்னால், பின்னொட்டாக இருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை ரோம் எடுத்துவிட்டது. எல்லோரோடும் சமமாகப் பழகியவருக்கு அது எதற்கு? அவருக்குக் கழன்றது சுமை. நான் வெட்டியது முதுகெலும்பை.

அவருடைய முழங்கால் பதிந்த இடம் என்று காட்டுகிற பாறையில் முழங்காலில் நின்றேன். பின்னால் ஒருவர் "சீக்கிரம் சார்" என்று இடித்தார். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. சாகும்போது அவருக்கு 39 வயது. எனக்கு 46. என்னைவிட ஏழு வயது இளையவர். அது மட்டும் ஏனோ திரும்பத் திரும்ப ஓடியது. கண்ணீர் பாறையில் சொட்டிற்று. அம்மா என் நெஞ்சில், ஸ்டென்ட் இருக்கிற பக்கமாக, கையை வைத்துக்கொண்டு "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இடித்தவரும் பேசாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஸ்தோத்திரம், ஐயா. மூச்சுக்கு ஸ்தோத்திரம், அம்மாவுக்கு ஸ்தோத்திரம், அந்த ஆட்டோவுக்கும் ஸ்தோத்திரம்.

அப்புறம் கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறையைத் தொட்டுவிட்டு நன்றிப் பூசைக்கு எழுதக் கொடுத்தோம்.

"பேரு?"

"தேவசகாயம்."

"புனிதர் பேரு தெரியும் சார். உங்க பேரைச் சொல்லுங்க."

"அதுதாங்க என் பேரு" என்றேன், சற்றுச் சத்தமாகவே. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.