எதிர்வீட்டு முருங்கை மரம்

வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கும் தங்கை, மதியம் மீட்டிங் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

பரணிலிருந்து பழைய தீபாவளி மலர்களை இறக்கி லேப்டாப்புக்கு அடியில் அடுக்கினோம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வந்தது. தனி கீபோர்டு செருகியதும் தோள் தானாகத் தளர்ந்தது.

திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். எரிச்சல் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு முருங்கை மரம் இருக்கிறது.

ஆபீஸ் என்றால் டீக்காவது எழுந்து போவோம். வீட்டில் சாப்பாடுகூட மேஜைக்கே வந்துவிடுகிறது.

எழுந்து நடக்கிற நேரமும் வேலை நேரம்தான் என்று மேலாளர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புறம், பாசத்தோடு தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற அம்மாக்களே, சாப்பிடவாவது பிள்ளைகளை எழுந்து வரச் சொல்லுங்கள்.