சரி போட்ட கட்டம்

கிளினிக் கொப்பியில் 'கால்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் நான் போட்ட ஒரு சரி இன்னும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

சேர் எனக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவர். சலரோகம் (நீரிழிவு) வந்து பதினைந்து வருடத்துக்கு மேல். அன்று வாங்குகளில் இன்னும் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். வழக்கம்போலக் கறுப்புச் சப்பாத்தும் சொக்ஸும் போட்டு, மடித்த குடையோடு வந்து உட்கார்ந்தார். "சேர், சப்பாத்தைக் கழட்டுங்கோ, காலைப் பார்க்கவேணும்" என்று குனிந்தேன். இரண்டு காலையும் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"சீச்சீ, எழும்பு பிள்ளை. நீ என்ர காலைப் பிடிக்கிறதோ?"

"இது என்ர வேலை சேர்."

"காலில ஒண்டுமில்லை. ஒரு நோவும் இல்லை எண்டுறன்."

நான் எழும்பிவிட்டேன். கட்டத்தில் சரி போட்டேன்.

நோவு இல்லை என்கிற காலைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். சலரோகத்தால் கால் நரம்பு பழுதானால் முள்ளும் தெரியாது, சூடும் தெரியாது. காலில் உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை மேசையில்தான் கிடந்தது. அதுகூட வேண்டாம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் மெல்லத் தொட்டாலே போதும். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நிமிடமும் ஆகாது.

அவ்வளவு சனத்துக்குள் சேரோடு மல்லுக்கட்ட முடியுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். முடியாதுதான். ஆனால் சரி போடாமல் 'மறுத்தார்' என்று எழுதியிருக்கலாம், ஒரு சொல். சேரின் கொப்பியில் அப்படி எழுதக் கை வரவில்லை. என் கொப்பியைத் திருத்திய மனிசன். இதை நியாயம் என்று சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

மூன்று கிழமை கழித்து வார்ட்டில் சேர். வலது பெருவிரலின் அடியில், பாதம் ஊன்றுகிற இடத்தில், காய்ந்த பாக்கு நிறத்தில் தடித்த காய்ப்பு. டொக்டர் பிளேடால் ஓரத்தைச் சீவியதும் உள்ளே இருந்து சீழ் வந்தது. சேர் முகட்டு விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், முகம் சுளிக்கவேயில்லை.

போன வெள்ளிக்கிழமை மலைமேல் இருக்கிற கோணேசர் கோயிலுக்கு உச்சி வெயிலில் போனாராம். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறியிருக்கிறார். "சுட்டது தெரியேல்லை" என்றார். டொக்டர் கொப்பியைப் புரட்டினார். "மூண்டு கிழமைக்கு முதல் கால் நல்லாத்தான் இருந்திருக்கு. அப்ப கோயில்ல சுட்டதுதான்."

நான் மருந்து கட்டும் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

உண்மையில் கோயிலில் சுட்டதாகவும் இருக்கலாம். அந்த நேரம் மலையில் கல் எப்படிக் கொதிக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தத் தடிப்பில் காய்ப்பு மூன்று கிழமையில் வராது. மாதக்கணக்காக ஒரே இடம் அழுத்துப்பட்டால்தான் வரும். அடியில் இரத்தம் கசிந்து புண்ணானாலும் மேலே தோல் மூடியே கிடக்கும். அன்றைக்குச் சப்பாத்துக்குள் காய்ப்பு இருந்தது நிச்சயம். புண் இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

பார்த்திருந்தால்? காய்ப்பைச் சீவ அனுப்பியிருப்பேன், வெறுங்காலோடு நடக்கவேண்டாம் என்றிருப்பேன். சேர் கேட்டிருப்பாரா? கோணேசரிடம் சொக்ஸோடு போங்கோ என்றால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். இப்படி நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதலிலும் எனக்கு நம்பிக்கையில்லை.

பெருவிரலை எடுத்தார்கள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சேர், "இந்தப் பிள்ளை அண்டைக்கே காட்டச் சொன்னவள், நான்தான் கேக்கேல்லை" என்பார். காலையில் நான் மருந்து கட்டப் போனால் தானாகவே காலை நீட்டுவார். விரலிடுக்கைத் துணியால் ஒற்றி ஈரம் எடுக்கும்போது, கொப்பியில் நான் என்ன போட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றவைத்துத்தான் அனுப்புகிறேன். கிளினிக் முடிய இரண்டு மணியாகிறது, சிஸ்டரிடம் ஏச்சும் வாங்குகிறேன். போன கிழமை மூதூரிலிருந்து ஒரு உம்மா வந்திருந்தார். ஒரு காலைப் பார்த்து முடிக்கவில்லை, "பஸ் போயிரும் மகள்" என்று எழும்பிவிட்டார்.

இடது காலை மட்டும்தான் பார்த்தேன். கொப்பியில் இரண்டு காலுக்கும் ஒரே கட்டம்தான்.