பழைய கிளிப்பர் பில்லிங்: எல்பிடி1-இலிருந்து விண்டோஸ் ஸ்பூலருக்கு

நண்பரின் ஹார்டுவேர் கடையில் ஓடும் பில்லிங் புரோகிராம், டாஸ் காலத்து நிரல்மொழியான கிளிப்பரில் எழுதியது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடாது. அதனால் அதே சோர்ஸை, கிளிப்பர் நிரல்களை இன்றைய விண்டோஸில் ஓட வைக்கும் ஹார்பர் கம்பைலருக்குக் கொண்டுவந்தேன். திரைகள் பெரிய தொந்தரவில்லாமல் வந்துவிட்டன. பிரிண்டிங்கில்தான் வேலை இருந்தது.

முதலில் எப்சன் எல்எக்ஸ்-310 டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை ஷேர் செய்து, விண்டோஸின் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டை அதற்குத் திருப்பிப் பார்த்தேன். பில் வரிசையில் போய் நின்றது. புரோகிராமை மூடினால்தான் காகிதம் நகர்ந்தது. டாஸ் காலத்தில் போர்ட்டுக்கு எழுத்து போனால் போதும், பிரிண்டர் அடிக்கத் தொடங்கிவிடும். அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் ஸ்பூலருக்கோ பில் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். புரோகிராம் போர்ட்டைத் திறந்தே வைத்திருந்ததால் அது காத்துக்கொண்டே இருந்தது.

சரி, வழியை மாற்றினேன். இப்போது 'செட் பிரிண்டர் டு' கட்டளை ஒவ்வொரு பில்லையும் தனி டெக்ஸ்ட் கோப்பாக எழுதும். கோப்பை மூடியதும் ஹார்பரின் வின்_பிரிண்ட்ஃபைல்ரா என்ற ஃபங்ஷன் அதை ரா வகையில், அதாவது டிரைவர் எதையும் மாற்றாமல் அப்படியே, ஸ்பூலரிடம் கொடுத்துவிடும். டாக்குமெண்ட் பெயராக பில் எண்ணையே வைத்தேன். எந்த பில் மாட்டியிருக்கிறது என்று வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

அடுத்து காகித நீளம். கடையில் இருப்பது 6 அங்குலத் தொடர்தாள். அங்குலத்துக்கு 6 வரி வீதம் 36 வரி. கோப்பின் தலையில் பிரிண்டருக்கான கட்டளை எண்கள் போகின்றன: முதலில் ரீசெட் குறி 27, 64. அப்புறம் பக்க நீளத்துக்கு 27, 67, 36. அதன்பின் நெருக்கிய எழுத்துக்கு 15. இந்த வரிசை மாறக் கூடாது. ரீசெட் பின்னால் வந்தால் பக்க நீளம் பழைய அளவுக்கே திரும்பிவிடும். ரீசெட் ஆகும் இடத்தையே பிரிண்டர் பக்கத்தின் தலையாக எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு பில்லும் அடுத்த பக்கத்தின் தலைக்குத் தள்ளும் 12 என்ற ஃபார்ம் ஃபீடோடு முடிகிறது. கிழிக்கும் கோடு இப்போது சரியாக நிற்கிறது.

விண்டோஸ் டிரைவர் வழியாக எழுத்துருவிலும் அடித்துப் பார்த்தேன். பக்கம் முழுக்கப் படமாகப் போவதால் 9 ஊசி பிரிண்டரில் ரொம்ப மெதுவு. வாடிக்கையாளரை நிற்க வைத்து அப்படி அடிக்க முடியாது; பில்லுக்கு ராதான் சரி. மாதக் கணக்கை மட்டும், விண்டோஸ் டிரைவர் வழியாக அடிக்கும் ஹார்பரின் வின்_பிரின் வகுப்பு மூலம் லேசர் பிரிண்டருக்குக் கொண்டுபோகிறேன், பெயர்கள் தமிழில் வரட்டும் என்று. அங்கே இடைவெளி போட்டுத் தொகையை நேர்ப்படுத்தும் பழைய முறை உதவாது; எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுகிறது. ஒவ்வொரு தொகையின் அகலத்தையும் அளந்து வலது ஓரத்தில் நிறுத்தும் பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.